வெங்காயத்தோல் சேலையும் மூன்று சுவிட்ச் பெட்டியும்

அக்காவின் தையல் கடை திண்டுக்கல்லில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பத்துக்கு எட்டடி இடம். இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு சுவர் முழுக்க நூல்கண்டு. தெருவில் வெயில் கொளுத்தினாலும் கடைக்குள் எல்.ஈ.டி. டியூப் வெளிச்சம்தான். துணியின் கலரை மூன்று வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்க்கும் இந்தப் பெட்டியைச் செய்ய வேண்டி வந்ததற்கு அந்த டியூப்தான் காரணம்.

போன ஆவணியில் ஒரு டீச்சர் வெங்காயத்தோல் கலர் பட்டுச் சேலை கொண்டுவந்தார். சேலையோடு வந்த ஜாக்கெட் பிட் அவருக்குப் போதவில்லை. இரவு எட்டு மணிக்கு மேட்சிங் சென்டரில் தேடிப்பிடித்து ஒரு காட்டன் பிட் வாங்கி வந்தார். அக்காவும் டியூப் வெளிச்சத்தில் சேலைமேல் வைத்துப் பார்த்து, "பிசகே இல்ல டீச்சர்" என்று வாங்கிக்கொண்டாள். கல்யாணம் காலை முகூர்த்தம். மறுநாளே டீச்சர் வந்துவிட்டார், கையில் போட்டோவுடன். கோயில் வாசல் வெயிலில் சேலை ரோஸ் ஓடித் தெரிகிறது, ஜாக்கெட் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. "துணிய மாத்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை.

நான் யூ.பி.எஸ். சர்வீஸ் செய்பவன். துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாயம் போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சேலை, ஜாக்கெட் இரண்டையும் டியூப் அடியில் வைத்தால் ஒரே கலர். தெருவுக்குக் கொண்டுபோனால் வேறு. மறுபடி உள்ளே வந்தால் ஒரே கலர். ஐந்து தடவை உள்ளேயும் வெளியேயும் நடந்திருப்பேன். எதிர்வீட்டுப் பாட்டி "என்னப்பா தொலைச்சே?" என்று கேட்டார்.

திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். அவன் சிரித்தான். "இதுக்குத்தான்டா எங்ககிட்ட லைட் பாக்ஸ் இருக்கு. பையர் லேப் டிப்பை டி65-ல பாப்பான், டி.எல்.84-ல பாப்பான், குண்டு பல்புல பாப்பான். மூணுலயும் ஷேடு நின்னாதான் ஓகே. ஒண்ணுல ஓடிச்சுன்னா திருப்பி அனுப்பிடுவான்." லேப் டிப் என்பது மொத்தத் துணிக்கும் சாயம் போடும் முன் பார்க்கச் சாயமேற்றும் மாதிரித் துண்டு. டி65 என்பது சராசரி பகல் வெளிச்சத்துக்குப் போட்ட பெயர், 6500 கெல்வின். (கெல்வின் எண் ஏற ஏற வெளிச்சம் நீலத்தின் பக்கம் போகும், இறங்க இறங்க மஞ்சளின் பக்கம்.) டி.எல்.84 என்பது ஐரோப்பியக் கடைகளில் எரிந்த ஒருவகை டியூப் லைட், 4000 கெல்வின். அந்தப் பெட்டியின் விலையைச் சொன்னான். அக்காவின் இரண்டு மெஷினையும் விற்றாலும் வராது. சரி, நாமே செய்வோம் என்று ஆரம்பித்தேன்.

பெட்டி எளிது. 12 மில்லி பிளைவுட், இரண்டடி அகலம், ஒன்றரையடி உயரம், ஒன்றரையடி ஆழம், முன்பக்கம் திறந்தது. மேலே ஆறு அங்குலத்துக்கு ஒரு தனி அறை, லைட்டுகள் அதற்குள். அதற்குக் கீழே பால் வெள்ளை அக்ரிலிக் ஷீட். நேம் போர்டு செய்பவரிடம் வெட்டி மீந்த துண்டு, கேட்டதும் கொடுத்தார்.

முதல் தப்பு பெயின்டில். வீட்டில் மீந்த கிரீம் கலர் இருக்கிறதே என்று உள்ளே அடித்துவிட்டேன். வெள்ளைத் துணியை வைத்தால் அழுக்கு வேட்டி மாதிரி மஞ்சளடித்தது. யோசித்தால் வேறெப்படி இருக்கும்? துணிமேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கு நேராக மேலிருந்து வருகிறது, இன்னொரு பங்கு சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. கிரீம் சுவர் நீலத்தைக் கொஞ்சம் விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பித் தருகிறது. சுவரும் ஒரு லைட்தான். துணிக்கடைகளில் இப்போதெல்லாம் சுவரைப் பளிச் ஆரஞ்சு, பச்சை என்று அடிக்கிறார்கள். அங்கே நின்று மேட்சிங் பார்ப்பவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

உள்ளே சாம்பல்தான் வேண்டும், அதுவும் எந்தப் பக்கமும் சாயாத சாம்பல். வெள்ளை எமல்ஷனில் கறுப்பு ஸ்டெய்னர், அதாவது பெயின்டுக்குக் கலர் ஏற்றும் கரைசல், கலந்தேன். வந்தது நீலம் பாய்ந்த சாம்பல். கறுப்பு ஸ்டெய்னர் வெள்ளையில் நீர்த்தால் பெரும்பாலும் இப்படி நீலத்தின் பக்கம் சாயும் என்று பெயின்ட் கடைக்காரர் சொல்லி, மஞ்சள் ஆக்சைடு ஸ்டெய்னர் நாலைந்து சொட்டு விடச் சொன்னார். போட்டோ ஸ்டூடியோக்காரரிடம் சாம்பல் அட்டை ஒன்றை இரவல் வாங்கி, மொட்டைமாடியில் நிழலில் வைத்து ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கலந்தேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. டியூப் அடியில் ஒப்பிட்டிருந்தால் டீச்சர் கதை என் பெயின்டிலேயே நடந்திருக்கும்.

அப்புறம் லைட். இங்கேதான் எனக்குத் தெரிந்தது என்று நினைத்ததெல்லாம் கவிழ்ந்தது.

என் கணக்கு இது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்தால் எந்தக் கலரும் வரும், வெள்ளையும் வரும். டி.வி.யே அப்படித்தான் ஓடுகிறது. அப்படியானால் ஒரு மீட்டர் ஆர்.ஜி.பி. ஸ்ட்ரிப், கலருக்கு ஒன்றாக மூன்று டிம்மர். திருகித் திருகி பகல் வெள்ளை, டியூப் வெள்ளை, குண்டு பல்பு மஞ்சள் எல்லாவற்றையும் ஒரே ஸ்ட்ரிப்பில் கொண்டுவந்துவிடலாம். மூன்று லைட் எதற்கு?

மாட்டினேன். முதலில் வெள்ளையே வரவில்லை. மூன்றையும் முழுதாகத் திருகினாலும் இளஞ்சிவப்பு ஓடியது. வீட்டில் கிடந்த பழைய டெலிபோன் ஒயரில் மூன்று மீட்டர் இழுத்திருந்தேன். வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஸ்ட்ரிப்பில் 12 வோல்ட்டுக்குப் பதில் 11.3. இந்த 0.7 வோல்ட் எல்லாக் கலரையும் ஒரே மாதிரி பாதிக்காது. ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு கலருக்கும் மூன்று மூன்று எல்.ஈ.டி. சில்லுகளும் ஒரு ரெசிஸ்டரும் வரிசையாக இருக்கின்றன. நீலச் சில்லு ஒன்றுக்குச் சுமார் 3.1 வோல்ட் என்றால் மூன்றுக்கு 9.3 போய்விடும், ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 2.7. பச்சையும் ஏறக்குறைய அப்படித்தான். சிவப்புச் சில்லுக்கு 2 வோல்ட் போதும். ரெசிஸ்டரில் 6 வோல்ட் நிற்கும். ஆறில் 0.7 குறைந்தால் கரண்ட் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும். 2.7-ல் 0.7 போனால் கால் பங்கு போச்சு. நீலமும் பச்சையும் மங்கி, சிவப்பு முன்னால் நிற்கிறது. கல்யாண வீட்டு வாசலில் நீளமாகக் கட்டி வெள்ளையாக எரியவிடும் ஆர்.ஜி.பி. ஸ்ட்ரிப் கடைசிப் பக்கம் சிவந்து கிடப்பது இதனால்தான். ஒரு சதுர மில்லி ஒயர் போட்டதும் வெள்ளை வந்தது.

வெள்ளை பேப்பர் வைத்துப் பார்த்தேன். டியூப் வெளிச்சத்துக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. சந்தோஷமாக அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வந்து நூல்கண்டுத் தட்டை உள்ளே வைத்தாள். சிவப்பும் பச்சையும் அடித்துக்கொண்டு முன்னால் வந்தன. அவள் கை ரோஸ் பவுடர் போட்ட மாதிரி இருந்தது. "இது என்னடா, கரகாட்ட மேடை லைட்டு மாதிரி இருக்கு" என்றாள். பேப்பர் வெள்ளையாக இருக்கிறது, கை மட்டும் ஏன் கெட்டுப்போனது?

இதைப் பார்க்க ஒரு ஸ்பெக்ட்ரோஸ்கோப் தேவைப்பட்டது. பெரிய பெயர், செலவு பூஜ்யம். ஊதுபத்தி டப்பா ஒன்று, பழைய பாட்டு சி.டி. ஒன்று, சவர பிளேடு ஒன்று. டப்பாவின் ஒரு முனையில் பிளேடை இரண்டாக உடைத்து, கூர் விளிம்புகள் ஒன்றையொன்று பார்க்க, தலைமுடி போகும் அளவு இடைவெளி விட்டு ஒட்டினேன். (பிளேடைத் துணியில் சுற்றி உடைக்கவும். நான் சுற்றவில்லை, மூன்று நாள் கட்டுப்போட்ட விரலோடு சாலிடர் வைத்தேன்.) மறுமுனையில் சி.டி.யின் துண்டைச் சாய்த்து ஒட்டி, மேலே பார்க்க ஒரு ஓட்டை. சி.டி.யில் தடங்கள் 1.6 மைக்ரான் இடைவெளியில் ஓடுகின்றன. மில்லிமீட்டருக்கு 625 கோடு. அந்தக் கோடுகள்தான் வெளிச்சத்தைப் பிரிக்கின்றன. பிளேடு இடுக்கும் சி.டி. கோடும் ஒரே திசையில் இருக்க வேண்டும். முதலில் குறுக்கே ஒட்டிவிட்டேன். ஒரு கலங்கல் பட்டைதான் தெரிந்தது. திருப்பி ஒட்டியதும் பளிச்சென்று வானவில்.

குண்டு பல்பைப் பார்த்தேன். சிவப்பிலிருந்து ஊதா வரை இடைவெளியே இல்லாத பட்டை. சிவப்புப் பக்கம் கனம், ஊதாப் பக்கம் மங்கல். வெள்ளைச் சுவரில் பட்ட வெயிலைப் பார்த்தால் அதே போல் அறுபடாத பட்டை, நீலமும் நிறைய. (சூரியனை நேரே பார்க்கக் கூடாது, சி.டி. வழியாகவும்.) கடையின் எல்.ஈ.டி. டியூபில் நீலத்தில் ஒரு பிரகாசமான முண்டு, அதற்கும் பச்சைக்கும் நடுவே ஒரு பள்ளம், பிறகு பச்சை மஞ்சள் ஆரஞ்சு வரை ஒரு பரந்த மேடு, அடர்சிவப்புக்குப் போவதற்குள் வற்றிவிடுகிறது. கடைசியாக என் ஆர்.ஜி.பி. வெள்ளை: மூன்று தனித்தனிப் பட்டைகள். நீலம், இருட்டு, பச்சை, இருட்டு, சிவப்பு. மஞ்சளே இல்லை.

பேப்பரில் எல்லாம் ஒரே வெள்ளை. டப்பாவுக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை.

கண் ஏமாறுவதற்குக் காரணம் எளிது. வெளிச்சத்தின் எந்த அலைநீளம் எவ்வளவு இருக்கிறது என்று கண் அளப்பதில்லை. விழித்திரையில் நிறம் காணும் கூம்பு செல்கள் மூன்று வகை. ஒன்று 420 நானோமீட்டர் பக்கம் அதிகம் துடிக்கும், இன்னொன்று 534 பக்கம், மூன்றாவது 564 பக்கம். ஒவ்வொன்றும் தனக்கு எட்டியதையெல்லாம் கூட்டி ஒரே ஒரு எண்ணாக மூளைக்கு அனுப்புகிறது. நூறு காய்கறி வாங்கிவந்தாலும் மூன்று பைகளின் எடையை மட்டும் சொல்கிற கணக்கு. எடை மூன்றும் ஒத்துப்போனால் பைக்குள் கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று மூளைக்குத் தெரியாது.

துணி விஷயம் வேறு. துணியின் சாயம் ஒவ்வொரு அலைநீளத்திலும் இவ்வளவு விழுங்கு, இவ்வளவு திருப்பு என்று வேலை செய்கிறது. அதற்குப் பைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஆர்.ஜி.பி. வெளிச்சத்தில் மஞ்சள் அலைநீளம் வரவேயில்லை என்றால், அந்த இடத்தில் சாயம் எப்படிப்பட்டது என்பது வெளியே தெரிய வழியே இல்லை.

இதை அக்கா மகளுக்குக் காட்ட ஒரு சோதனை செய்தேன். எனக்கே இதுவரை பிடித்தது இதுதான். கடையில் ஆம்பர் எல்.ஈ.டி. ஸ்ட்ரிப் கிடைக்கும், ஏறக்குறைய 590 நானோமீட்டர், ஒரே மஞ்சள். ஒரு அட்டையை நடுவில் தடுப்பாக வைத்து, இடப்பக்கம் ஆம்பர். வலப்பக்கம் ஆர்.ஜி.பி.யில் நீலத்தை அணைத்துவிட்டு, சிவப்பையும் பச்சையையும் திருகி அதே மஞ்சளைக் கொண்டுவந்தேன். கலவை மஞ்சள் ஒரு இழை வெளிறியிருந்தது, அவ்வளவுதான். "ரெண்டும் ஒரே மஞ்சளா?" "ஆமா மாமா." இரண்டு பக்கமும் ஒரு சிட்டிகை குங்குமமும் ஒரு வெற்றிலையும் வைத்தேன். வலப்பக்கம் குங்குமம் சிவப்பு, வெற்றிலை பச்சை. இடப்பக்கம் குங்குமமும் மஞ்சள், வெற்றிலையும் மஞ்சள். ஒன்று கொஞ்சம் வெளிர், ஒன்று கொஞ்சம் இருட்டு. பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மஞ்சள் பூசியது மாதிரி. அவள் இலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். ரோட்டோரத்தில் முன்பு எரிந்த சோடியம் விளக்கின் கீழே நம் பைக் எது என்று கலரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறியது நினைவுக்கு வந்தது.

அவள் விடவில்லை. "ஸ்கூல்ல ப்ளூவும் யெல்லோவும் சேர்ந்தா பச்சைன்னு சொன்னாங்க. இங்க சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சளாகுது. யார் சொல்றது தப்பு?" இரண்டும் சரி. பெயின்ட் ஒவ்வொன்றும் கழிக்கிறது. மஞ்சள் பெயின்ட் நீலத்தை விழுங்கும். நீலப் பெயின்ட் சிவப்பையும் மஞ்சளையும் விழுங்கும். இரண்டு பேரும் விழுங்காமல் விட்டது பச்சை. லைட் ஒவ்வொன்றும் கூட்டுகிறது. நீல லைட்டோடு மஞ்சள் லைட்டைச் சேர்த்தால் பச்சை வராது, வெள்ளை வரும். நம்ப மாட்டாயா, தலைக்கு மேல் எரிகிறதே டியூப், அதுவே அந்தக் கலவைதான் என்றேன். சுமார் 450 நானோமீட்டர் நீலச் சில்லு, அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. நீலத்தில் ஒரு பங்கைப் பாஸ்பர் வாங்கி மஞ்சளாக மாற்றுகிறது, மீதி நீலம் தப்பி வருகிறது, இரண்டும் சேர்ந்து வெள்ளை. அந்த நீலச் சில்லுக்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். அணைத்து வைத்த எல்.ஈ.டி.யை உற்றுப் பார்த்தால் மஞ்சள் பொட்டு தெரியும். அவள் பார்த்தாள். "அட, மஞ்சக்கரு!"

அன்று இரவு ஸ்ட்ரிப்பை மூன்று துண்டாக வெட்டி, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு சாண் இடைவெளியில் வைத்து, சுவருக்கு முன்னால் கையை நீட்டினோம். சுவர் வெள்ளை, கை நிழல் மட்டும் மூன்று கலர். சிவப்பை மறைத்த இடம் பச்சையும் நீலமும் சேர்ந்து மயில் நீலம். நீலத்தை மறைத்த இடம் மஞ்சள். பச்சையை மறைத்த இடம் வாடாமல்லி. பிரின்டருக்கு வாங்கும் மூன்று கலர் மையும் இவைதான். ஆளுக்கு ஒரு லைட்டை விழுங்கும் மைகள். ஊதுபத்தி டப்பாவில் எவ்வளவு தேடினாலும் வாடாமல்லி கிடைக்காது. அது வானவில்லில் இல்லாத நிறம். சிவப்பு ஒரு முனை, நீலம் மறுமுனை, நடுவில் பச்சை இல்லை என்ற செய்தி வந்தால் மூளை தானாகக் கட்டிக்கொள்ளும் நிறம். நியூட்டன் நிறங்களை வட்டமாக அடுக்கியபோது வானவில்லின் இரண்டு முனைகளையும் வளைத்துச் சேர்த்தார். வாடாமல்லி உட்கார்ந்திருப்பது அந்தத் தையலில்.

மூன்று லைட்டில் கலர் படம் காட்டலாம் என்று 1861-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மேக்ஸ்வெல் செய்துகாட்டினார். கட்டம் போட்ட ரிப்பன் ஒன்றை மூன்று கலர் வடிகட்டி வழியாக மூன்று படம் எடுக்கச் செய்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அதே கலர் வெளிச்சத்தில் திரையில் போட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்துப் போட்டோ பிளேட்டுக்குச் சிவப்பு தெரியவே தெரியாது. எப்படிச் சிவப்பு வந்தது என்று நூறு வருடம் கழித்து 1961-ல் ஆராய்ந்து பார்த்தார்கள். ரிப்பனின் சிவப்புச் சாயம் புற ஊதாவையும் திருப்பியிருக்கிறது, சிவப்பு வடிகட்டியும் அதை விட்டிருக்கிறது, பிளேட் பதிந்தது அதை. துணிச் சாயம் அன்றைக்கே ஆளை ஏமாற்றியிருக்கிறது.

சரி, பெட்டிக்கு வருகிறேன். ஆர்.ஜி.பி. ஸ்ட்ரிப்பைக் கழற்றி அக்கா மகளுக்கே கொடுத்துவிட்டேன். கடைசியில் மூன்று சுவிட்ச்: ஒன்றில் சி.ஆர்.ஐ. 95-க்கு மேல் உள்ள 5000 கெல்வின் ஸ்ட்ரிப், பகலுக்காக. 6500-ல் அந்தத் தரத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. கெல்வினை விட்டுக்கொடுத்தேன், சி.ஆர்.ஐ.யை விடவில்லை. இரண்டில் குண்டு பல்பு. மூன்றில் கடையில் எரிவது போன்ற சாதா எல்.ஈ.டி.

சி.ஆர்.ஐ. பற்றி ஒரு வார்த்தை. ஒரு லைட்டின் கீழ் நிறங்கள் எவ்வளவு ஒழுங்காகத் தெரிகின்றன என்பதற்கு நூற்றுக்குப் போடும் மார்க் அது. குண்டு பல்புக்கு ஏறக்குறைய நூறு. சாதா எல்.ஈ.டி.க்கு 80 பக்கம். ஆனால் அந்த மார்க் எட்டு வெளிர் நிற மாதிரிகளின் சராசரி. அடர்சிவப்பு அதில் சேராது. அதற்கு ஆர்9 என்று தனியாக ஒரு எண் இருக்கும். 80 வாங்கிய எல்.ஈ.டி.க்கு ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம். எட்டுப் பாடத்தில் நல்ல மார்க், ஒன்பதாவதில் முட்டை, மார்க் ஷீட்டில் அந்தப் பாடமே காணோம். அரக்கு, மெரூன், குங்குமக் கலர் என்று புழங்கும் நம் பட்டுக் கடைகளுக்கு அந்த ஒன்பதாவது பாடம்தான் பாடமே. ஸ்ட்ரிப் வாங்கும்போது ஆர்9 எவ்வளவு என்று கேளுங்கள். விற்பவர் முழித்தால் வேறு கடை பாருங்கள்.

குண்டு பல்பில் ஒரு விபத்தும் நடந்தது. 60 வாட் பல்பை அக்ரிலிக்குக்கு இரண்டு அங்குலம் மேலே தொங்கவிட்டேன். இருபது நிமிடத்தில் பிளாஸ்டிக் நாற்றம். ஷீட் அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. நேம் போர்டுக்காரரிடம் மறுபடி போய் நின்றேன். இப்போது 40 வாட், நாலரை அங்குல உயரம், மேல் அறையின் இரண்டு பக்கமும் காற்றுப் போக வரிசையாக ஓட்டை. பல்புக்குப் போகும் 230 வோல்ட் ஒயரையும் ஸ்ட்ரிப்பின் 12 வோல்ட் ஒயரையும் தனித்தனிக் குழாயில் விடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

டீச்சர் சேலையை உள்ளே வைத்தோம். மூன்றாம் சுவிட்ச்: சேலையும் ஜாக்கெட்டும் அண்ணன் தம்பி. ஒன்றாம் சுவிட்ச்: சேலை ரோஸுக்குத் தாவியது. இரண்டாம் சுவிட்ச்: இன்னும் மோசம், சேலை சிவந்து எரிந்தது, ஜாக்கெட் செம்மண் சுவர் மாதிரி நின்றது. அக்கா வாயில் ஊசியை வைத்துக்கொண்டே, "இத அன்னிக்கே பாத்திருந்தா..." என்றாள்.

ஏன் என்று பார்க்க, மாடித்தோட்டச் செடிகளுக்கு விற்கும் 660 நானோமீட்டர் அடர்சிவப்பு எல்.ஈ.டி. ஒன்றை இருட்டில் இரண்டின்மேலும் அடித்தேன். சேலை பளபளத்தது, ஜாக்கெட் கறுத்துக் கிடந்தது. அவ்வளவுதான் மர்மம். பட்டுக்குப் போடுவது ஒரு குடும்பத்துச் சாயம், பருத்திக்குப் போடுவது இன்னொன்று. பட்டுச் சாயம் அடர்சிவப்பை அப்படியே திருப்புகிறது, பருத்திச் சாயம் விழுங்குகிறது. மேட்சிங் சென்டரின் எல்.ஈ.டி.யில் அடர்சிவப்பே வறண்டு கிடந்ததால் அந்த வித்தியாசம் வெளியே வர வாய்ப்பில்லை. டீச்சர், அக்கா, கடைக்காரர் மூவர் கண்ணும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. பழைய மேட்சிங் கடைக்காரர்கள் "வெளிய வெளிச்சத்துல பாத்துக்கோங்க" என்று துணியோடு வாசலுக்கு அனுப்புவார்களே, அதில் இருந்த விவரம் இப்போதுதான் உறைக்கிறது.

பெட்டியைப் பயன்படுத்திப் பழகியதில் சில விஷயங்கள். சுவிட்ச் மாற்றியதும் முடிவு சொல்லாதீர்கள். கண் புது வெளிச்சத்துக்குப் பழக ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். இரண்டு துணியும் விளிம்போடு விளிம்பு தொட வேண்டும், நடுவில் நிழல் விழுந்தால் ஏமாற்றும். இழை திசை ஒன்றாக இருக்க வேண்டும். இது பட்டில் ரொம்ப முக்கியம். மயில்கழுத்துச் சேலையில் பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர். நீலமும் பச்சையும் பெயின்ட் போலக் கலக்கவில்லை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, தூரத்திலிருந்து கண்தான் சராசரி போட்டுக்கொள்கிறது. திருப்பிப் பிடித்தால் ஒரு நூல் மினுங்கி மற்றது அடங்கும். சிவப்புப் பாவில் பச்சை ஊடை போட்டால் பெயின்ட் கணக்குப்படி கறுப்பாகியிருக்க வேண்டும்; ஆவதில்லை, மங்கின பொன் மாதிரி ஒரு பழுப்பு வருகிறது. மயில்கழுத்துக்கு லைனிங் எடுக்கும்போது அக்கா இப்போது துணியைக் கால்வட்டம் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கிறாள், அப்புறமும் முகம் சுளிக்கிறாள். அதற்கு மேட்சிங்கே கிடையாது என்பது என் கட்சி. ஏதாவது ஒரு கோணத்தோடு சமாதானமாகப் போக வேண்டியதுதான்.

பெட்டியால் இன்னும் முடியாதது வெள்ளை. வேட்டியும் சட்டையும் மூன்று சுவிட்சிலும் ஒரே வெள்ளை, தெருவில் சட்டை மட்டும் நீலமடித்துப் பளீரென்கிறது. சட்டையில் இருப்பது புற ஊதாவை வாங்கி நீலமாக உமிழும் வெளுப்பான். வெயிலில் புற ஊதா இருக்கிறது, என் எல்.ஈ.டி.யிலும் பல்பிலும் அதற்குப் போதுமான அளவு கிடையாது. அம்மா காலத்துச் சொட்டு நீலம் வேறு கதை. அது எதையும் உமிழாது. பழுத்த வேட்டியின் மஞ்சளை நீலத்தால் கழித்துச் சமன் செய்யும், அதனால் வேட்டி கொஞ்சம் மங்கவும் செய்யும், ஆனால் கண்ணுக்கு வெளுத்த மாதிரி இருக்கும். நாலாவது சுவிட்ச்சுக்கு 365 நானோமீட்டர் எல்.ஈ.டி. ஆர்டர் போட்டிருக்கிறேன். கண்ணுக்கு நேரே அடிக்காதபடி முன்னால் ஒரு மறைப்பும் வைக்க வேண்டும்.

மொத்தச் செலவு 2,600 ரூபாய் சொச்சம். வளைந்த அக்ரிலிக்கையும் என் விரல் கட்டையும் சேர்க்கவில்லை. டீச்சருக்கு அக்கா தன் செலவில் வேறு பிட் எடுத்துத் தைத்துக் கொடுத்தாள். பதினோரு பிட் கொண்டுவந்து பெட்டியில் வைத்ததில் மூன்று சுவிட்சிலும் நின்றது ஒன்று, அதுவும் பட்டு. இன்னொன்று பகலில் நன்றாக நின்று பல்பில் மட்டும் லேசாக ஓடியது, விலை பாதி. டீச்சர் அதைத்தான் எடுத்தார். அவர் கட்டப்போவது வளைகாப்புக்கு, பகல் பதினொரு மணிக்கு.

அதிலிருந்து அக்கா அளவெடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறாள்: "முகூர்த்தத்துக்கா, ரிசப்ஷனுக்கா?" பதிலை அளவு நோட்டில் எழுதிக்கொள்கிறாள். ரிசப்ஷன் என்று சொல்பவர்களிடம் அடுத்த கேள்வி: "மண்டபத்துல கலர் லைட்டு போடுவாங்களா?" போடுவார்கள் என்றால் பெட்டியைப் போடுவதே இல்லை. "அந்த லைட்டுல சேலையே என்ன கலர்னு தெரியாது, ஜாக்கெட்டுக்கு எதுக்கு இவ்வளவு பாடு" என்று கையில் கிடைத்த பிட்டை எடுத்துவிடுகிறாள்.